கிளாஸ் உடைந்தால் யார் கணக்கு?

ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

ரங்கூனில் நானும் வீட்டுக்காரரும் டீக்கடை வைத்திருக்கிறோம். விடியற்காலை நாலு மணிக்கு அடுப்புப் பற்றவைத்தால் கடையைக் கட்ட ராத்திரி எட்டு மணி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் சாத்திவிட்டுச் சபைக்குப் போவேன்.

போன மாதம் ஜெபக் கூட்டத்தில் என் கொழுந்தனார் பேசினார். "பேதுரு வலையை விட்டான், மத்தேயு ஆயத்துறையை விட்டான், மிஷனரி ஜட்சன் ஐயா அமெரிக்காவையே விட்டுவிட்டு பர்மாவுக்கு வந்தார். நாம் எதை விட்டோம்? ஒரு டீக்கடையைக்கூட விடவில்லை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

இன்னொன்று. காலையில் பொங்கிமார் (புத்த பிக்குகள்) வரிசையாகப் பிச்சைக்கு வருவார்கள். நான் ஒரு கரண்டி சோறு போடுவேன். மாமியார் காலத்திலிருந்து வழக்கம். அது விக்கிரகத்துக்குப் படைப்பதற்குச் சமம் என்று சபையில் ஒரு அக்கா சொல்கிறார். நிறுத்தினால் தெருவில் என்ன நினைப்பார்களோ என்று பயம். தொடர்ந்தால் கர்த்தர் என்ன நினைப்பாரோ என்று பயம்.

வியாபாரமும் முன்போல் இல்லை. பால்டின், சர்க்கரை, கரி எல்லாம் விலை ஏறிவிட்டது. பாதி நாள் கரண்ட் கிடையாது. பையன்கள் வேறு கிளாஸை உடைத்துக்கொண்டே இருக்கிறார்கள், சம்பளத்தில் பிடித்தும் பார்த்துவிட்டோம், புத்தி வரவில்லை. ராத்திரி வேதத்தைத் திறந்தால் நாலு வசனத்தில் தூங்கிவிடுகிறேன். "தன்னைத்தான் வெறுத்து" என்று ஆண்டவர் சொன்னாரே, என்னை எனக்குப் பிடிக்கவே இல்லை, அது கணக்கில் சேருமா என்றுகூட யோசித்துவிட்டேன். என்னைப் போன்றவர்கள் இயேசுவைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாமா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மூன்றாவது தடவைதான் ஒரு இடம் கண்ணில் பட்டது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் கொழுந்தனார்.

அவர் சொன்னதில் தப்பில்லை, பாதியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். பேதுரு வலையை விட்டான், சரி. ஆனால் கதரேனர் நாட்டில் பிசாசுகள் நீங்கின மனுஷன், "நானும் உம்மோடே வருகிறேன்" என்று கெஞ்சியபோது ஆண்டவர் வேண்டாம் என்றுவிட்டார். "நீ உன் வீட்டுக்குத் திரும்பிப்போ" என்றார் (லூக்கா 8). பின்னால் வருகிறேன் என்றவனைப் பின்னால் வராதே என்று அனுப்பினார்! பெத்தானியாவில் மார்த்தாள் கடைசிவரை அடுப்படியை விடவில்லை. சகேயு எரிகோவை விட்டுப் போனதாக எழுதியிருக்கவில்லை. அப்புறம் பேதுருவே யோவான் 21ல் "மீன்பிடிக்கப் போகிறேன்" என்று கிளம்புகிறான். ஏறிக்கொள்ள ஒரு படகும் இருந்தது.

ஜட்சனை இழுத்ததால் அவர் கதையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். 1813ல் ரங்கூனில் வந்திறங்கினவர், பத்து வருஷத்தில் புதிய ஏற்பாட்டைப் பர்மிய மொழியில் எழுதி முடித்தார். 1824ல் வெள்ளைக்காரனோடு யுத்தம் வந்ததும் ஆவாவில் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். கையெழுத்துப் பிரதியை மனைவி ஆன் முதலில் மண்ணில் புதைத்து வைத்தார். ஈரத்தில் கெட்டுப்போகும் என்று பயந்து வெளியே எடுத்து, பஞ்சுக்குள் வைத்துத் தலையணையாகத் தைத்துச் சிறைக்குள் கொடுத்துவிட்டார். எவனுக்கும் ஆசை வராத மாதிரி, கல் போன்ற ஒரு தலையணை. பிறகு ஒருநாள் கைதிகளை அவுங்பின்லே என்ற ஊருக்கு இழுத்துப்போனபோது, மேலே சுற்றியிருந்த பாயை உருவிக்கொண்டு உள்ளே இருந்த உருண்டையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். ஜட்சன் வீட்டில் கூடமாட வேலை செய்துகொண்டிருந்த மவுங் இங் என்ற விசுவாசி, ஐயாவின் ஞாபகமாக இருக்கட்டும் என்று அதை எடுத்துப்போய் வைத்துக்கொண்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மாதக்கணக்கு கழித்துத்தான் பஞ்சுக்குள் காகிதம் பத்திரமாக இருப்பது தெரிந்தது.

இன்றைக்கும் பர்மியச் சபைகளில் பெரும்பாலும் ஜட்சன் வேதாகமம்தான். அமெரிக்காவை விட்டு வந்தவர் கதையில் ஊசிநூலும் வேலைக்காரரும் எவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று அடுத்த கூட்டத்தில் உங்கள் கொழுந்தனாரையே சொல்லச் சொல்லுங்கள்.

பொங்கிமார் விஷயம். நீங்கள் சோறு போடுகிறீர்கள், கும்பிடு போடவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஒரு பருக்கை தொடாத மனிதர்கள் வெறுங்காலோடு வாசலில் வந்து நிற்கிறார்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதினதெல்லாம் படைத்ததைச் சாப்பிடுவது பற்றி. பசித்தவருக்குக் கொடுப்பதற்கு அங்கே தடை எதுவும் இல்லை. உங்கள் அக்காவோடு சண்டை வேண்டாம், ஆனால் கரண்டியையும் கீழே வைக்க வேண்டாம். ஒன்றை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தெருவுக்குப் பயந்து போடுகிற சோறு என்றால் அது வேறு. "மனுஷர் காணவேண்டுமென்று" தர்மம் செய்யாதே என்று மத்தேயு 6ல் இருப்பது பள்ளிவாசலுக்கும் புத்தர் கோயிலுக்கும் மட்டும் சொன்னதில்லை, நம் காணிக்கைத் தட்டுக்கும் சேர்த்துத்தான்.

இனி "தன்னைத்தான் வெறுத்து". இந்த மொழிபெயர்ப்பு நம் ஜனங்களில் பலரைப் படுத்தியிருக்கிறது. திருவிவிலியம் என்ற இன்னொரு மொழிபெயர்ப்பில் அதையே "தன்னலம் துறந்து" என்று போட்டிருக்கிறார்கள். லூக்கா அந்த இடத்தில் எழுதின கிரேக்கச் சொல், பின்னால் பேதுரு ஆண்டவரை மறுதலித்தான் என்று சொல்வதற்கும் அவர் எடுத்துக்கொண்ட அதே சொல். நெருப்புக் காய்ந்துகொண்டிருந்த இடத்தில் வேலைக்காரி கேட்கிறாள், அவன் "அவனை அறியேன்" என்கிறான். அதை அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஆண்டவரைப் பார்த்துச் சொன்னதை இப்போது நம்மைப் பார்த்தே சொல்ல வேண்டும். உள்ளே ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறாரே, எது நடந்தாலும் "எனக்கு எவ்வளவு நஷ்டம்" என்று முதலில் கேட்கிறவர், அவரை நான் அறியேன் என்று சொல்லிவிட வேண்டும். ராத்திரி படுக்கையில் தன்னைத் திட்டிக்கொள்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தங்கச்சி. அலுப்பு அது. தூங்கினால் சரியாகிவிடும். நாலு வசனத்தில் தூங்குவதையும் பாவக் கணக்கில் எழுதாதீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். சிலுவையை எடுத்துக்கொண்டு வா என்பது மத்தேயுவிலும் மாற்குவிலும் இருக்கிறது. லூக்கா மட்டும் ஒரு சொல்லைக் கூடச் சேர்க்கிறார்: "அனுதினமும்". ஒரே நாளில் வலையை விட்டுவிட்டால் ஒரே நாளோடு முடிந்துவிடும். அனுதினமும் என்றால் நாலு மணிக்கு அடுப்புப் பற்றவைக்கிற நேரமும் அதில் வந்துவிடுகிறது.

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன். பொங்கிமாருக்கு ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். கொழுந்தனாருக்கு ஒரு பத்தி. பையன்களுக்கு ஒரு வரி, அதுவும் சர்க்கரை விலைக்கும் கரண்டுக்கும் அடுத்ததாக. "சம்பளத்தில் பிடித்தும் பார்த்துவிட்டோம்."

நானும் இந்த ஊர் டீக்கடைகளில் உட்கார்ந்தே கிழவனானவன். அந்தக் குட்டி ஸ்டூலில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்துகொண்டு பார்த்திருக்கிறேன். ஒரு மேசையிலிருந்து உதட்டைக் குவித்து "ச்சு ச்சு" என்று கூப்பிடுவார்கள், அந்த மேசைக்கு ஓடுவதற்குள் இன்னொரு மேசையிலிருந்து. ஒரு கையில் நாலு கிளாஸ், விரல்நுனி ஒவ்வொரு கிளாஸுக்கு உள்ளேயும் இருக்கும். டின்பால் பட்ட கிளாஸ் பிசுபிசுப்பாக இருக்கும், கழுவின கிளாஸ் வழுக்கும். தரை எப்போதும் ஈரம். ராத்திரி அதே மேசைகளைச் சேர்த்துப் போட்டு மேலே படுத்துக்கொள்வார்கள். உங்கள் பையன்களுக்கு என்ன வயது? நீங்கள் எழுதவில்லை.

யாக்கோபு 5:4ஐ எடுத்துப் பாருங்கள். "வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது." பிடித்தம் என்று நாம் கணக்கு நோட்டில் எழுதுகிற அதே சொல்தான் அங்கேயும் இருக்கிறது. கூச்சல் போடுவது வேலைக்காரன்கூட இல்லை, முதலில் கூலியே கூச்சல் போடுகிறது. உங்கள் கல்லாப்பெட்டிக்குள்ளிருந்து.

உங்களுக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றால், இல்லை. 1987ல் அரசாங்கம் 25, 35, 75 க்யாட் நோட்டெல்லாம் செல்லாது என்று ஒரே நாளில் அறிவித்துவிட்டு, அப்புறம் 45, 90 என்று நோட்டு அடித்தது ஞாபகம் இருக்கும், அல்லது உங்கள் அம்மாவுக்கு இருக்கும். சில்லறை கொடுப்பதற்குள் தலை சுற்றும். அந்தக் காலத்தில் மோல்மேனில் எனக்கு ஒரு மளிகைக் கடை. ஒருநாள் ராத்திரி கல்லாவில் 90 க்யாட் குறைந்தது. கடையில் நானும் ஒரு பையனும்தான். நான் எடுக்கவில்லை, அப்படியானால் யார்? அவன் சட்டைப்பையைத் திருப்பிப் பார்த்தேன். பாயை உதறினேன். ஒன்றும் இல்லை. அதற்காகவும் ஒரு அறை விட்டேன், நன்றாக ஒளித்துவிட்டான் என்று. காலையில் சம்பளம் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். அவன் அழவில்லை. மடித்து வைத்த லுங்கி ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தேன். 90 க்யாட் நோட்டு உள்ளே இருந்தது. அறுப்பின் பண்டிகைக் காணிக்கைக்கென்று நானே எடுத்து வைத்தது.

ஆராதனை முடிவதற்கு முன்பே எழுந்து படகுத்துறைக்கு ஓடினேன். அங்கே போய் நின்ற பிறகுதான் தெரிந்தது, யாரிடம் என்ன கேட்பது? அவன் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. ஒன்றரை வருஷம் என் கடையில் தூங்கி எழுந்தவன், ஒருநாளும் நான் கேட்கவில்லை. சகேயு "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று சொல்கிறானே, அவனுக்குக் கொடுக்க ஆள் இருந்தார்கள். நான் 360 க்யாட்டை உறையில் போட்டு ரொம்ப நாள் வைத்திருந்துவிட்டுக் கடைசியில் காணிக்கைப் பெட்டியில் போட்டேன். அந்தப் பையனுக்கு அது போய்ச் சேரவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். நோட்டை எடுத்து, இதுவரை கிளாஸுக்கென்று எவ்வளவு பிடித்தீர்கள் என்று கூட்டிப் பாருங்கள். பெரிய தொகையாக இருக்காது. இந்த மாதச் சம்பளத்தோடு அதையும் கொடுத்துவிடுங்கள், பிரசங்கம் எதுவும் வைக்காமல். ஏன் என்று கேட்டால், கணக்குத் தப்பு என்று சொல்லுங்கள், பொய் இல்லை. கஷ்டகாலம் என்று எனக்குத் தெரியும். உள்ளே இருக்கிறவர் கட்டாயம் கத்துவார். கத்தட்டும், அவரைத்தான் நமக்குத் தெரியாதே. பையன்கள் ஒவ்வொருவரும் எந்த ஊர், அப்பா அம்மா பேர் என்ன என்று நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கடை எந்தத் தெருவில் என்று எழுதினால் ஒருநாள் காலையில் வருகிறேன். ச்சோ செயின் (இனிப்பு டீ) வேண்டாம், டாக்டர் திட்டுவார். ச்சா செயின் (இனிப்புக் குறைந்த கடுப்பு டீ), சூடாக. என் கை இப்போது கொஞ்சம் நடுங்கும், கிளாஸ் உடைந்தால் என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்.