பிள்ளைக்கு ஆட்டிசம், நான் வேலையை விட்டுவிடவா? மருத்துவர் பதில்

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். இப்போது நாலைந்து சொல்தான் பேசுகிறான். நான் காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன், காலை 9.30 முதல் இரவு 7.30 வரை. கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். பகலில் என் மாமியார்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு 66 வயது, மூட்டுவலி வேறு. சனிக்கிழமைதோறும் லீவு போட்டு, பஸ்ஸில் மதுரைக்குத் தெரபிக்குக் கூட்டிப் போகிறேன். இரவு 12 மணிக்கு முன்னால் அவன் தூங்குவதில்லை. போன மாதம் இரண்டு முறை பின்வாசல் வழியாக வெளியேறி ஊருணிப் பக்கம் போய்விட்டான். "சம்பளம் முக்கியமா, பிள்ளை முக்கியமா" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். வேலையை விட்டுவிடவா, டாக்டர்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காரைக்குடி)

பதில்: விட வேண்டாம் அம்மா. இப்போதைக்கு நிச்சயம் வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன்னால், அந்த ஊருணி விஷயத்தை இன்றைக்கே சரிசெய்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளைத் தண்ணீர் இழுக்கும். ஆபத்தை உணர்வது மட்டும் அந்த வேகத்தில் வராது. இப்படி வீட்டைவிட்டுப் போகும் பிள்ளைகளின் உயிரைப் பறிப்பதில் நீரில் மூழ்குவதுதான் முன்னால் நிற்கிறது. நம் செட்டிநாட்டு வீடுகளோ ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. முகப்பில் இருக்கிற அப்பத்தாவுக்கு அடுப்படிக்குப் பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்காது. அவர் கவனிக்கவில்லை என்று யாரும் குறைசொல்ல வேண்டாம். வீட்டின் அமைப்பு அப்படி.

பின்கதவில் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், உள்பக்கமாக ஒரு தாழ்ப்பாள் வையுங்கள். நாற்காலி, முக்காலி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பூட்டிச் சாவியை எடுத்துப் போய்விடாதீர்கள். தீப்பிடித்தால் பெரியவரும் பிள்ளையும் உள்ளே மாட்டிக்கொள்வார்கள். கதவு திறந்தால் கூவுகிற, காந்தத்தில் வேலை செய்யும் சின்ன அலாரம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். முன்னும் பின்னும் ஒவ்வொன்று மாட்டுங்கள். கிணறு இருந்தால் கம்பி வலை போட்டு மூடுங்கள். உங்கள் போன் எண் எழுதிய பட்டை அவன் கையில் இருக்கட்டும். பின்தெருவில் இருக்கும் நாலு வீட்டுக்கும் நேரில் போய், "தனியாகப் பார்த்தால் கூப்பிட வேண்டாம், கையைப் பிடித்து நிறுத்துங்கள்" என்று சொல்லி வையுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பாமல் போகலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது. எப்போதாவது காணவில்லை என்றால் முதலில் ஓட வேண்டிய இடம் ஊருணி. வீட்டுக்குள் அறை அறையாகத் தேடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

அடுத்தது தூக்கம். 12 மணிக்குத் தூங்குகிற பிள்ளைக்கும் கூடவே விழித்திருக்கிற தாய்க்கும் எந்தத் தெரபியும் ஒட்டாது. பகலில் எப்போது தூங்குகிறான் என்று மாமியாரிடம் கேளுங்கள். பெரும்பாலும் மாலை 4 மணியிலிருந்து 6 மணி வரை என்றுதான் பதில் வரும். முழங்கால் வலிக்காரருக்கு அந்த நேரம்தான் ஓய்வு. பகல் தூக்கம் 2 மணிக்குள் முடியட்டும். காலையில் 6.30 மணிக்கு எழுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம். இரவு 9 மணிக்கே படுக்கையில் போட்டு மூன்று மணி நேரம் போராடுவதுதான் பலர் செய்யும் தவறு. படுக்கை என்றாலே சண்டை என்று மனதில் பதிந்துவிடும். அவன் உண்மையில் தூங்குகிற 12 மணிக்கே முதலில் படுக்க வையுங்கள். படுத்ததும் தூங்குகிறான் என்றால் மூன்று இரவுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். பத்துப் படி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் 9.30 ஆகிவிடும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனும் டிவியும் நிற்க வேண்டும்.

இதையும் மீறித் தூங்கவில்லையென்றால் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் மருந்து உதவலாம். அளவைக் குழந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், கடையில் நீங்களாக வாங்காதீர்கள். குறட்டை விடுகிறானா, மலச்சிக்கல் உண்டா, கால்களை உதறிக்கொண்டே இருக்கிறானா என்றும் பாருங்கள். வெள்ளைச் சோறு, இட்லி, பால் என்றே சாப்பிடும் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து குறையும். அது தூக்கத்தையும் கெடுக்கும். ரத்தச் சோதனையில் ஹீமோகுளோபினோடு, உடலில் சேமிப்பாக உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்குப் பால் அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். புது உணவைத் தட்டில் திணிக்காமல், அவன் ஏற்கும் வடிவத்துக்குள் கொண்டுபோங்கள்: குழிப்பணியாரம் பிடிக்கும் என்றால் ஒரு கரண்டி மாவுக்குக் கால் தேக்கரண்டி முருங்கைக்கீரைப் பொடி. ஒரு வாரம் ஒத்துக்கொண்டால் அடுத்த கால் தேக்கரண்டி.

இப்போது வேலை. நீங்கள் வீட்டில் இருக்கும் மணி நேரம் கூடினால் பிள்ளையின் பேச்சும் அதே கணக்கில் கூடும் என்றுதான் சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குளிப்பது, சாப்பிடுவது, உடுப்பது என்று தினமும் நடக்கிற காரியங்களுக்குள் அவனைச் சுற்றியுள்ள எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதுதான் பலன் தரும். அதற்கு உங்கள் பங்கு காலையில் 20 நிமிடம், இரவில் 20 நிமிடம். மீதியை அப்பத்தாவுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

ஒரே ஒரு உதாரணம். முறுக்கைச் சின்னத் துண்டுகளாக உடைத்து, அவனால் திறக்க முடியாத, உள்ளே தெரிகிற டப்பாவில் போடுங்கள். அவன் டப்பாவை உங்களிடம் கொண்டுவருவான். உடனே திறக்காதீர்கள். அவன் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அவன் பார்த்தாலோ, கையை நீட்டினாலோ, ஏதாவது ஒலி எழுப்பினாலோ, "திற" என்ற ஒரே சொல்லைச் சொல்லித் திறந்து ஒரு துண்டு கொடுங்கள். மூடுங்கள். பத்து நிமிடத்தில் பத்து முறை கேட்க அவனுக்கு வாய்ப்புக் கிடைக்கும். கைநிறையக் கொடுத்துவிட்டால் வாய்ப்பு ஒன்றோடு முடிந்துபோகும். "என் ராசா, என்னய்யா வேணும், முறுக்கு வேணுமா, கேளு பாப்போம்" என்று அன்பாகத்தான் பெரியவர்கள் கேட்பார்கள். அத்தனை சொல்லில் எதைப் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியாது. தண்ணீரை ஒருவர் தண்ணி என்றும் ஒருவர் வாட்டர் என்றும் சொன்னாலும் இதே சிக்கல்தான். வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக 15 சொற்களை எழுதி அடுப்படியில் ஒட்டுங்கள். அவனுடைய டம்ளர், தட்டு, செருப்பு, கழிப்பறை ஆகியவற்றைப் படம் எடுத்து அட்டையாக்குங்கள். படத்தைக் காட்டிக் கேட்கப் பழகினால் பேச்சு நின்றுவிடும் என்பது தவறான பயம். அது பேச்சைத் தடுக்காது.

இன்னொன்று, உங்கள் வீட்டின் வளவும் (நடுமுற்றப் பகுதி) பட்டாசாலையும் (கூடம்). உயர்ந்த கூரை, வழவழப்பான ஆத்தங்குடித் தரை, திரையில்லாத சுவர்: எல்லா ஒலியும் எதிரொலிக்கும். மிக்ஸியும் டிவியும் நாலு பேர் பேச்சும் சேர்ந்தால் சில பிள்ளைகளுக்கு அது தாங்காது. காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான் என்றால் அதை அடம் என்று எண்ணாதீர்கள். பாய் விரித்து, கனமான துணித்திரை போட்ட சின்ன அறையில் பழக்குங்கள். மாசி-பங்குனித் திருவிழாவுக்கு அவனையும் கூட்டிப் போகலாம். கூட்டமும் ஒலிபெருக்கியும் சேர்வதற்கு முன், விடியற்காலையில், காதுக்கவசம் மாட்டி.

மதுரைப் பயணத்தை மாதம் ஒன்றாகக் குறையுங்கள். போக வர நாலு மணி நேரப் பஸ் பயணம், முக்கால் மணி நேரத் தெரபி. களைத்த பிள்ளை அதில் என்ன கற்கும்? வீட்டில் நடப்பதை இரண்டு நிமிட வீடியோவாக எடுத்துப் போங்கள், அடுத்த மாதத்துக்கு எதைச் செய்வது என்று கேட்டு வாருங்கள். வாராவாரம் தேவைப்படுவதைப் பக்கத்திலேயே தேடுங்கள். உங்கள் சாக்கோட்டை ஒன்றியத்தில் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் எந்தெந்த நாள் இருப்பார் என்று நேரில் விசாரியுங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திலும் காட்டுங்கள். ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் எப்படி வினையாற்றுகின்றன என்று பார்க்கும் பெரா (BERA) என்ற செவித்திறன் சோதனை இதுவரை செய்யவில்லை என்றால் அதை முதலில் முடியுங்கள்.

கடையில் "அப்பப்ப லீவு வேணும்" என்று கேட்காதீர்கள். எந்த முதலாளிக்கும் அது எல்லையில்லாத கோரிக்கையாகத் தெரியும். கணக்கோடு போங்கள்: "செவ்வாயும் வெள்ளியும் 4 மணிக்குக் கிளம்புகிறேன். அந்த நேரத்தில் ஒரு பகுதியை மற்ற நாளில் 8.30-க்கு வந்து ஈடுகட்டுகிறேன். சனிக்கிழமை லீவு இனி மாதம் ஒன்றுதான். மாதக் கடைசி மூன்று நாள் கணக்கு முடியும்வரை இருப்பேன். இரண்டு மாதம் பாருங்கள், சரிவரவில்லையென்றால் மாற்றிக்கொள்வோம்." உங்கள் நிலை இதுவல்ல என்றாலும் மற்ற வாசகிகளுக்காகச் சொல்கிறேன்: மத்திய அரசுப் பணியில் உள்ள பெண்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு மொத்தம் 730 நாள், மாற்றுத்திறன் உள்ள பிள்ளை என்றால் 18 வயது வரம்பு இல்லை.

மாமியாரை ஓடவிடாதீர்கள். பிற்பகல் 2 மணியிலிருந்து 6 மணி வரை ஒரு துணை ஆள் வைக்க முடிந்தால் உங்கள் சம்பளத்தின் ஒரு பகுதியை அதற்கே ஒதுக்குங்கள். அவரும் அதே 15 சொற்களைப் பேச வேண்டும். கணவருக்கும் வேலை உண்டு. இங்கே மாலை 5.30 என்றால் அங்கே இரவு 8 மணி. தினமும் அந்த நேரத்தில் பத்து நிமிடம் வீடியோவில் வரட்டும், பேசச் சொல்லி வற்புறுத்தாமல் அவன் விளையாடுவதைத் தானும் செய்து காட்டட்டும். இணையத்தில் செய்யக்கூடிய காகித வேலை எல்லாம் அவர் பொறுப்பு: மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு (UDID) விண்ணப்பம், பிறகு தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீடு. நிரமயாவில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவுக்கும் அதில் இடமுண்டு. அறிவுசார் குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்று சான்றானால் மாநில அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு; அடுத்த ஆண்டுப் பள்ளிச் சேர்க்கைக்கு அந்தச் சான்று கையில் இருக்க வேண்டும்.

வேலையை விடவோ நீண்ட விடுப்பு எடுக்கவோ நான் சொல்லும் நிலைகளும் உண்டு. கட்டுக்குள் வராத வலிப்பு, தன்னையே காயப்படுத்திக்கொள்ளுதல், பகலில் பார்க்க நம்பகமான ஆளே இல்லாமல் போவது. இவற்றில் ஒன்று வந்தால் உடனே எழுதுங்கள், முடிவை மாற்றிக்கொள்வோம். திடீரென்று சில நொடி வெறித்துப் பார்த்து நின்றுவிடுகிறான், தெரிந்த சொல்லை மறக்கிறான் என்றால் காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. நீண்ட கடிதம் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அதில் ஒரு வரி இல்லை. இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்தே இருக்கிறதா? முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்கவில்லையா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள். போவதற்குத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸை 14416 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், அவன் தூங்கிய பிறகு நடு இரவில் கூப்பிட்டாலும் எடுப்பார்கள்.