கூரை மாடலையும் கான்கிரீட் மாடலையும் ஒன்றாக்கலாமா?

கேள்வி: கல்யாண மண்டபம் ஒன்றுக்கு டிசைன் செய்கிறோம். தூணும் பீமும் கான்கிரீட், மேலே 24 மீட்டர் அகலத்துக்கு இரும்பு ட்ரஸ் (முக்கோணச் சட்டம்) கூரை. கூரையை ஒருவரும் கான்கிரீட்டை நானும் தனித்தனி ஸ்டாட் ப்ரோ (கட்டமைப்பைக் கணக்கிடும் மென்பொருள்) கோப்புகளில் போட்டிருக்கிறோம். சரிபார்ப்பவர் ஒரே மாடலாகக் கேட்கிறார். கூரையை அப்படியே காப்பி செய்து ஒட்டினால் போதுமா?

பதில்: ஒட்டலாம். ஆனால் திரையில் ஒட்டாமல் எடிட்டரைத் திறந்து உள்ளீட்டு வரிகளாகவே ஒட்டுங்கள். என்னென்ன வந்து சேர்ந்தது என்று வரிவரியாகத் தெரியும்.

ஒட்டும் முன் சில சில்லறை வேலைகள். இரண்டு கோப்புக்கும் ஆரம்பப் புள்ளி ஒரே கிரிட் சந்திப்பில் இருக்க வேண்டும். ஒன்று மீட்டரிலும் மற்றது மில்லிமீட்டரிலும் இருந்தால் யூனிட் வரியையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். கூரையின் நோடு (சந்திப்புப் புள்ளி), மெம்பர் (தூண், பீம், கம்பி போன்ற உறுப்பு) எண்களை 10001 முதல் மாற்றிவிட்டால் எண் மோதாது. பின்னால் ரிசல்ட் பார்க்கும்போதும் எது கூரை, எது கட்டடம் என்று எண்ணை வைத்தே சொல்லிவிடலாம்.

அப்புறம் 'ஆல்' (ALL, எல்லா மெம்பருக்கும்) என்ற சொல்லைத் தேடுங்கள். கூரைக் கோப்பில் 'மெட்டீரியல் ஸ்டீல் ஆல்' என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். அது உங்கள் கோப்பின் கடைசியில் போய் உட்கார்ந்தால் கான்கிரீட் தூண்களும் இரும்பாகிவிடும். மாடல் முறையாக ஓடும், பிழை என்று எதுவும் வராது. 'ஆல்' வரும் இடத்திலெல்லாம் மெம்பர் எண்களையோ குரூப் பெயரையோ போடுங்கள்.

மெம்பர்களின் சொந்த எடையைச் சேர்க்கும் செல்ஃப்வெயிட் வரியும் இதே வகைதான். பட்டியல் எதுவும் இல்லாமல் எழுதினால் அது மாடல் முழுவதற்கும் பொருந்தும். இரண்டு கோப்பின் டெட் லோடையும் (நிரந்தர எடை) ஒரே லோடு கேஸில் ஒட்டினால் முழுக் கட்டடத்தின் எடையும் இரண்டு முறை ஏறும். கூரை டிசைனர் போல்ட், கஸ்ஸெட் (இணைப்பு) தகடுகளுக்காக செல்ஃப்வெயிட்டை 1.1 என்று போட்டிருந்தால் அந்தப் பத்து சதவீதம் கான்கிரீட்டுக்கும் சேர்ந்துகொள்ளும்.

கூரை ரியாக்‌ஷன்களை (சப்போர்ட்டில் இறங்கும் விசைகளை) தூண் தலையில் பாயின்ட் லோடாகக் கொடுத்திருப்பீர்கள், அவற்றை நீக்குங்கள். நிலநடுக்க எடைக்காக அதே இடத்தில் ஜாயின்ட் வெயிட் கொடுத்திருந்தால் அதையும் எடுத்துவிட்டு, கூரையின் எடையை அந்தக் கணக்கில் முறையாகச் சேர்த்துவிடுங்கள். ட்ரஸ் முனைகளில் இருந்த சப்போர்ட்டுகளும் போக வேண்டும். ஒன்றை மறந்தாலும் அந்தத் தூணுக்குக் கூரை எடை இறங்காது.

சரி, சரிபார்ப்பவர் இவ்வளவு வற்புறுத்துவது எதற்கு? காரணம் ட்ரஸின் பாட்டம் கார்டில், அதாவது அதன் அடிக் கம்பியில், இருக்கிறது. கூரையைத் தனியாகப் போடும்போது இரு முனையையும் பின் சப்போர்ட்டாக (சுழலலாம், நகர முடியாது) கொடுப்பது வழக்கம். அப்போது சப்போர்ட் அசையாது, கார்டு நீளவும் முடியாது. அதனால் அதில் வரவேண்டிய இழுவிசையின் பெரும்பகுதி கிடைமட்ட ரியாக்‌ஷனாகப் போய்விடுகிறது. கையால் ஒரு கணக்குப் போடுங்கள். சதுர மீட்டருக்கு 1 கிலோ நியூட்டன், ட்ரஸ் இடைவெளி 6 மீட்டர் என்றால், மீட்டருக்கு 6 கிலோ நியூட்டன். நடுவில் மொமென்ட் (வளைவு விசை) 6 × 24 × 24 ÷ 8 = 432 கிலோ நியூட்டன் மீட்டர். நடு ஆழம் 2 மீட்டர் எனில் பாட்டம் கார்டில் 216 கிலோ நியூட்டன். தனி மாடல் இதைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டும். நீங்களோ செங்குத்து ரியாக்‌ஷனை மட்டும் வாங்கிக்கொண்டிருப்பீர்கள். ஆக அந்தக் கிடைமட்ட விசைக்குக் கார்டையும் யாரும் டிசைன் செய்யவில்லை, தூணையும் செய்யவில்லை. சேர்த்து ஓட்டும்போது தூண் தலை கொஞ்சம் விலகும், கார்டில் உண்மையான இழுவிசை வரும், தூண் அடியிலும் மொமென்ட் ஏறும். காற்று கூரையைத் தூக்கும் கேஸில் அதே கார்டு அழுத்தத்துக்கு வருவதையும் பாருங்கள்.

ஆகவே இணைப்பை அக்கறையாகப் போடுங்கள். தூண் தலைக்கும் பாட்டம் கார்டின் மையக் கோட்டுக்கும் இடையே உயர வித்தியாசம் இருக்கும். அங்கே ஒரு குட்டி மெம்பரைச் செங்குத்தாகப் போட்டு, அதன் மேல்முனையில் மொமென்ட்டை ரிலீஸ் செய்யுங்கள், அதாவது கடத்தாமல் விடுவியுங்கள். ஒரு முனையில் நீள்துளை விடுவதாக இருந்தால் அந்தத் திசை விசையையும் ரிலீஸ் செய்யலாம். 6.000 என்றும் 5.998 என்றும் இரண்டு நோடுகள் இருந்தால் திரையில் ஒரே புள்ளியாகத் தெரியும், உள்ளே ஒட்டியிருக்காது. டூப்ளிகேட் நோடு சோதனையைச் சற்றுத் தாராளமான டாலரன்ஸோடு ஓட்டுங்கள்.

லோடு கேஸ் எண்களை உங்கள் கோப்புப்படியே வையுங்கள். ஐ.எஸ். 1893 (இந்திய நிலநடுக்கத் தரநிலை) கேஸ்கள்தான் முதலில் வர வேண்டும். மோடு (கட்டடம் அதிரும் விதம்) எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் ஸ்டாட் ஆறு மட்டும் எடுக்கும். அந்த ஆறும் பிரேஸிங் (குறுக்குக் கம்பி), பர்லின் (கூரைத் தகட்டைத் தாங்கும் கம்பி) ஆட்டமாகவே போய்விடலாம். ஐ.எஸ். 1893 பாகம் 1, 2016 பதிப்பு கேட்கும் 90 சதவீத நிறை வரும்வரை கூட்டுங்கள். பர்லின்களை மாடலில் வைக்காமல் லோடாகக் கொடுப்பதே என் பழக்கம்.

ஓட்டியதும் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டாட்டிக்ஸ் செக், அதாவது கொடுத்த லோடும் ரியாக்‌ஷனும் சமமா என்ற சோதனை. டெட் லோடில் மொத்தச் செங்குத்து ரியாக்‌ஷன், பாயின்ட் லோடோடு இருந்த உங்கள் பழைய கோப்பின் தொகையோடு கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். லைவ் லோடுக்கும் அப்படியே. கூடியிருந்தால் ஏதோ இரட்டிப்பாகியிருக்கிறது. குறைந்திருந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. இது சரியாகாமல் டிசைன் பக்கம் போகாதீர்கள்.

மண்டபம் நீளவாட்டில் 45 மீட்டரைத் தாண்டி, ஐ.எஸ். 456 (கான்கிரீட் தரநிலை) சொல்கிறபடி நடுவில் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் (வெப்பத்தில் விரிய விடும் இடைவெளி) விட்டிருந்தால், அந்த இரண்டு பாதிகளையும் சேர்க்கக் கூடாது. பாதிக்கு ஒன்றாக, கான்கிரீட்டும் கூரையும் சேர்ந்த இரண்டு மாடல்களைக் கொடுங்கள். ஜாயின்ட் இடைவெளி போதுமா என்பதற்கு இரண்டிலும் வரும் நகர்வைக் கூட்டித் தனியாக ஒரு பக்கம் எழுதி வைத்தால் சரிபார்ப்பவரும் ஏற்றுக்கொள்வார்.