அப்பாவை ஏன் அடைப்புக்குறிக்குள் போட்டீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 53. சென்னையில் வங்கி வேலை. பொதுப் பிரச்சினைகள், பண்பாடு, இசை பற்றியெல்லாம் எழுத வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை. 11 தலைப்புகள் குறித்து வைத்திருக்கிறேன். முதல் கட்டுரை ‘அழிந்துவரும் மங்கல இசை’. (என் அப்பாவே நாதஸ்வரம் வாசித்தவர்தான், கும்பகோணம் பக்கம். வயது 79. போன தை மாதம் என் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குச் செண்டை மேளம் வைத்ததிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. பழைய காலத்து மனிதர். மாதாமாதம் பணம் அனுப்பத் தவறுவதில்லை.) மனைவி, ‘இந்த வயதில் எதற்கு இந்த வேலை?’ என்கிறாள். எதிலிருந்து தொடங்குவது? புனைபெயர் வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: எழுதலாமா என்று கேட்டு மாதம் நாலைந்து கடிதமாவது வந்துவிடுகிறது. பாதிக்கு மேல் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள். எல்லோர் கையிலும் ஒரு தலைப்புப் பட்டியல். ‘தாராளமாக எழுதுங்கள், உங்களிடம் திறமை இருக்கிறது’ என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். திறமை இருக்கிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? பார்த்தது ஒரு பக்கக் கடிதம். அந்தப் பக்கத்தில் உயிரோடு இருப்பது அடைப்புக்குறிக்குள் இருக்கும் சில வரிகள் மட்டும்தான்.

‘செண்டை மேளம் வைத்ததிலிருந்து’ என்கிறீர்கள். வைத்தது யார்? வாக்கியத்தில் ஆளையே காணோம்.

தம்பி, நீங்கள் நாயனக்காரர் மகன். அவருடைய பேத்தி கல்யாணம். முகூர்த்தத்தில் நாயனக்காரருக்கு அவகாசம் கிடையாது, ஐயர் கையைத் தூக்கினால் கெட்டிமேளம், அவ்வளவுதான். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில்தான் ஒரு தோடி ராகத்தையோ காம்போதியையோ தெருமுனையில் நின்று நிதானமாக விரிக்கலாம். வாழ்நாள் முழுக்க ஊரார் வீட்டு மாப்பிள்ளைகளுக்கு முன்னால் வாசித்துக்கொண்டே நடந்த மனிதர், தன் பேத்தியின் மாப்பிள்ளை வரும்போது எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்? அதையும் நீங்கள் எழுதவில்லை.

செண்டை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. திருச்சூர் பூரத்தன்று வடக்குநாதன் கோயில் மகிழமரத்தடியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஏறி இறங்கும் மேளம் அது. அதை மண்டப வாசலில் வீடியோவுக்காகப் பத்து நிமிடம் அடிக்கச் சொல்வது செண்டைக்கும் மரியாதை இல்லை. சரி, சம்பந்தி வீட்டார் கேட்டிருக்கலாம், மகளே ஆசைப்பட்டிருக்கலாம். யார் கேட்டால் என்ன? ‘அப்பா, இப்படி ஒரு பேச்சு வருகிறது, என்ன செய்யலாம்?’ என்று முன்கூட்டியே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது உங்கள் வேலை. கேட்டிருந்தால், ‘சின்னஞ்சிறுசுகள், வைத்துக்கொள்ளட்டும்டா’ என்று அவரே சொல்லியிருக்கவும் கூடும். மணியார்டர் காலத்திலிருந்து இதைப் பார்க்கிறேன்: பணத்தை அனுப்பிவிட்டால் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம் என்று பிள்ளைகளுக்கு ஒரு நினைப்பு. என்னைப் பழைய காலத்துப் பெண்மணி என்று சொன்னாலும் சொல்லுங்கள்.

கட்டுரைக்கு வருகிறேன். ‘அழிந்துவரும் மங்கல இசை’யில் என்ன இருக்கும் என்று நானே சொல்லிவிடுவேன். நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, சுதந்திரம் வந்தபோது அவர் டெல்லியில் வாசித்தது, 1956இல் மறைந்தது, அப்புறம் அவருடைய சீடர் காருகுறிச்சியார், 2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குக் கிடைத்த புவிசார் குறியீடு, கடைசியில் அரசுக்கு ஒரு கோரிக்கை. இதை எழுத ஊரில் ஆள் பஞ்சமில்லை. நீங்கள் ‘நாதஸ்வரம்’ என்று எழுதுகிறீர்கள். புத்தகத்தில் ‘நாகஸ்வரம்’ என்று இருக்கும். உங்கள் அப்பா ‘நாயனம்’ என்பார். அந்தச் சொல் இருக்கும் வீட்டிலிருந்து கிளம்பி எவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், பாருங்கள்.

அவருடைய நாயனம் இப்போது எங்கே இருக்கிறது? பரணிலா, யாரிடமாவது கொடுத்துவிட்டாரா? பழைய வீட்டு உத்தரத்தில் காய்ந்து கிடந்த ஆச்சா மரத்தில்தான் நல்ல உலவு, அதாவது நாயனத்தின் குழல், வரும் என்பார்கள், அவருடையது எந்த மரத்தில் கடைந்தது? வாயில் வைத்து ஊதும் சீவாளிக்கு நாணல் எங்கிருந்து வந்தது, எப்படிப் பதப்படுத்தினார்கள்? சாமி புறப்படும்போது கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்னும் புறப்பாட்டு இசை. தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகை நைவேத்தியத்துக்கு ஒன்று. வீட்டுக்குள் இருந்தபடியே காதால் கேட்டு, சாமி கிளம்பிவிட்டது என்று தெரிந்துகொண்ட தெரு அது. உங்கள் ஊர்க் கோயிலில் எந்த வீதியில் எந்த ராகம் எடுப்பது வழக்கம்? வண்டிவண்டியாகப் புத்தகம் புரட்டினாலும் அது கிடைக்காது. 79 வயதில் பல் போயிருந்தால் சீவாளி பிடிபடாது, ஆனால் வாயால் பாடிக் காட்டுவார். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். உங்களைத் திட்டும்போதும் நிறுத்தாதீர்கள், அதில்தான் விஷயம் வரும்.

பொதுப் பிரச்சினை வேண்டும் என்கிறீர்களே, அதுவும் அவரிடம்தான் இருக்கிறது. சுருதிப் பெட்டி வந்ததும், நாயனத்துக்குச் சுருதி கூட்டி ஒத்து ஊதியவர்கள் எங்கே போனார்கள்? தீபாராதனைக்குச் சுவிட்சைப் போட்டால் முழங்கும் மின்சார மேளம் வந்த பிறகு எத்தனை கோயிலில் மேளக்காரர் வேலை நிரப்பப்படாமல் கிடக்கிறது? நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாத உதவித்தொகை உண்டு. அவரோடு தவில் வாசித்தவர்களில் யாருக்கு அது கிடைக்கிறது, யார் மனு எழுதத் தெரியாமல் விட்டார்கள்? வங்கியில் படிவம் நிரப்பியே காலம் கழித்தவர் நீங்கள். நாலு பேருக்கு மனு எழுதிக்கொடுத்துவிட்டு வந்து கட்டுரை எழுதுங்கள். மற்ற 10 தலைப்புகளும் எங்கேயும் ஓடிவிடாது.

மனைவி சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக் காய்கறியை வாங்கிக் கொடுத்துவிட்டு உட்காருங்கள், ஒன்றும் சொல்லமாட்டார்.

புனைபெயர் வேண்டாம். கடிதத்தின் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், பெயருக்கு முன்னால் இனிஷியலோடு. அந்த ஒற்றை எழுத்து யாருடையது? அதை எடுத்துவிட்டு இசையைப் பற்றி என்ன எழுதப் போகிறீர்கள்?

இந்தச் சனிக்கிழமை ராத்திரி கும்பகோணம் பஸ் ஏறுங்கள். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போங்கள், வெறுங்கையோடு போய் நிற்காதீர்கள். மன்னிப்பு என்று பெரிதாக ஆரம்பிக்க வேண்டாம், அவருக்கும் கூச்சமாக இருக்கும். நாயனத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், அடைப்புக்குறி இல்லாமல். உங்கள் மகள் கழுத்தில் தாலி ஏறியபோது கெட்டிமேளம் கொட்டியது யார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.