கிளட்ச் கவரில் விரிசல்: வீட்டிலேயே ஒட்டலாமா?

டர்ட் பைக் எஞ்சின் கவரில் விட்ட விரிசலை வீட்டிலேயே சரி செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். "புதுக் கவர் வாங்கிப் போடுங்க" என்று சொல்ல வருகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு கும்பிடு. கடையில் கிடைத்தால் நான் ஏன் ஒட்டப் போகிறேன்? "ஆர்டர் போட்டிருக்குங்க, வந்துரும்" என்பதைக் கேட்டுக் கேட்டுக் காதே புளித்துவிட்டது.

வண்டி வலது பக்கம் விழுந்து, பிரேக் பெடல் உள்ளே மடங்கி கிளட்ச் கவரைக் குத்தியிருக்கும், அப்படித்தானே? என் ஹீரோ எக்ஸ்பல்ஸ் பைக்குக்கும் கோவை மதுக்கரைப் பக்கம் ஒரு கல் மேட்டில் அதே கதிதான்.

ஒட்டுகிற பசையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் வேலை முழுக்கச் சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. கவரைக் கழற்றி தின்னர் போட்டுத் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். அதை நம்பக்கூடாது. ஹீட் கன்னில் சூடு காட்டியபோது மயிரிழை விரிசல் நெடுக ஆயில் முத்து முத்தாக வியர்த்து வந்தது. வார்ப்பு அலுமினியம் அவ்வளவு குடித்து வைத்திருக்கும். வியர்ப்பது நிற்கும்வரை சூடு, துடைப்பு, மறுபடி சூடு.

பிறகு விரிசலின் இரண்டு முனையிலும் சின்னதாக ஒரு துளை. இல்லாவிட்டால் ஒட்டிய பிறகும் விரிசல் நீண்டுகொண்டே போகும். விரிசலை அரத்தால் 'வி' வடிவில் அகலப்படுத்தி, ஜே.பி. வெல்ட் என்கிற இரண்டு டியூப் எபாக்ஸி பசையைச் சரிக்குச் சரி கலந்து, முதல் பூச்சை ஒயர் பிரஷ்ஷாலேயே தேய்த்து ஏற்றினேன். உள்பக்கமும் பூசலாம், மெல்லிசாக. கிளட்ச்சில் உரசக்கூடாது. 287 டிகிரி வரை தாங்கும் என்கிறது கம்பெனி. எஞ்சின் ஆயில் அந்தச் சூட்டை எட்டாது. சாதாரண அரால்டைட் சூட்டில் இளகிவிடும். எம்-சீல் ஊர் போய்ச் சேர மட்டும்.

ஒரு நாள் முழுக்கக் காயட்டும். உடைந்த சில்லு உள்ளே விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். அலுமினியம் என்பதால் காந்தம் இழுக்காது. கவருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஆயில் கசியாமல் இருக்கப் புதுப் பேக்கிங் (கேஸ்கெட்) போட்டு, போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக முடுக்குங்கள்.

விரிசல் போல்ட் துளையையோ பேக்கிங் உட்காரும் முகத்தையோ தொட்டால் பசை வேண்டாம், ஆர்கான் வெல்டிங்தான். கோவைக்காரர் என்றால் கணபதிப் பக்கம் விசாரியுங்கள். வெல்டிங் சூட்டில் கவர் கோணியிருக்கலாம். கண்ணாடி மேல் உப்புத்தாள் விரித்து முகத்தைத் தேய்த்து மட்டம் பாருங்கள். சில ரேஸ் வண்டிகளின் கவர் மெக்னீசியம். சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். நுரைத்தால் வீட்டில் அரம் போடவே வேண்டாம், அந்தத் தூள் தீப்பிடிக்கும்.

இதையெல்லாம் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில், கீழே அட்டை விரித்துத்தான் செய்தேன். மறுநாளே "பார்க்கிங்கில் மெக்கானிக் வேலை கூடாது" என்று லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ். செக்ரட்டரி காருக்கடியில் வருஷக்கணக்காக ஆயில் சொட்டித் தரையே கறுத்துக் கிடக்கிறது, அதற்கு நோட்டீஸ் கிடையாது. கேட்டால் "அது பழைய கறை தம்பி" என்கிறார். மெயின்டனன்ஸ் மட்டும் எல்லோருக்கும் ஒரே தொகை!

போகட்டும். விரிசல் போல்ட் துளைவரை போகிறதா என்று தெரிகிற மாதிரி ஒரு போட்டோ போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.