மூன்று தடவை கீழே போய்வந்தால் வாக்கிங் ஆகுமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். எங்கள் லாப்ரடார் லட்டுவுக்கு மூன்று வயது. காலை, மாலை, இரவு என்று மூன்று வேளையும் என் கணவர் கீழே கூட்டிப்போகிறார். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம். லட்டு காலைத் தூக்கியதும் இருவரும் மேலே வந்துவிடுவார்கள். “மூணு தடவை போகுதே, இதுக்கு மேல என்ன?” என்கிறார். லட்டுவோ செருப்பு, சோபா ஓரம், மகனின் ஸ்கூல் ஷூ என்று கிடைப்பதையெல்லாம் கடித்து வைக்கிறது. லிஃப்ட் சத்தம் கேட்டாலே குரைப்பதால் எதிர்வீட்டில் புகார். எடை 43 கிலோ. “எங்க ஊர்ல நாயை யாரு வாக்கிங் கூட்டிட்டுப் போனா? அது பாட்டுக்கு நல்லாத்தானே இருந்துச்சு” என்பது என் மாமியாரின் வாதம். ஒரு நாளைக்கு எத்தனை முறைதான் கூட்டிப்போக வேண்டும்? என் பன்னிரண்டு வயது மகனை அனுப்பலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: முதலில் உங்கள் மாமியாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே சரியான கேள்வி அவருடையதுதான்.

ஊர் நாயை யாரும் வாக்கிங் கூட்டிப்போகவில்லை, உண்மை. அது தானாகவே போய்வந்தது. விடிந்ததும் பால்காரர் பின்னால் தெருக்கோடி வரை, அப்புறம் கண்மாய்க்கரை, ஆடு ஓட்டுகிறவரோடு கொஞ்ச தூரம், நடுவில் அடுத்த தெரு நாயோடு ஒரு சண்டை, மத்தியானம் திண்ணை நிழலில் தூக்கம், பொழுது சாய்ந்ததும் சோற்றுக்கு வாசலில் ஆஜர். அதற்கு வாக்கிங் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். (அந்த நாய்களில் பல வண்டியில் அடிபட்டும், நோயில் விழுந்தும் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்ததையும் அவர் பார்த்திருப்பார். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.) லட்டுவுக்குத் திண்ணையும் கிடையாது, கண்மாயும் கிடையாது. மூன்றாவது மாடிக் கதவைத் திறக்கும் கை உங்களுடையது. ஊர் நாய் தானே எடுத்துக்கொண்டதை, இங்கே நீங்கள் கொடுத்தால்தான் உண்டு.

அடுத்து உங்கள் கணவர். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இதில் இரண்டு தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. அவர் ஒன்றைச் சரியாகப் போட்டுவிட்டு மற்றதை மறந்துவிட்டார். ஒன்றுக்கு, இரண்டுக்குப் போவது ஒரு கணக்கு. வளர்ந்த நாய் பகலில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் அடக்கும். அதற்காக அடக்க வைக்கவேண்டும் என்றில்லை. மூன்று முறை குறைந்தபட்சம், நான்கு முறை நல்லது. குட்டியாக இருந்தால் இரண்டு மணிக்கு ஒரு தடவை. வயதான நாய்க்கும் கூடுதலாகத் தேவைப்படும். இந்தக் கணக்கில் உங்கள் கணவர் பாஸ்.

நடை வேறு கணக்கு. ஐந்து நிமிடத்தில் காலைத் தூக்கிவிட்டு லிஃப்ட் ஏறுவதை நாம் நமக்கென்றால் பாத்ரூம் போய்வந்தது என்போம். யாரும் அதை வாக்கிங் என்று சொல்லமாட்டோம். இன்னொரு சங்கடமும் இதில் உண்டு. சிறுநீர் கழித்த மறுநிமிடமே வீட்டுக்குத் திருப்பினால், புத்திசாலி நாய் என்ன கற்றுக்கொள்ளும்? போனால் கதை முடிந்துவிடும் என்று இழுத்தடிக்கும். என்னிடம் வருகிறவர்களில் “அரை மணி நேரம் சுத்தினாலும் போகமாட்டேங்குது, வீட்டுக்குள்ள வந்து போகுது” என்று புலம்புகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, போனதும் உடனே திரும்பிவிடுகிறீர்களா என்பதுதான். போன பிறகு நடையைத் தொடங்குங்கள்.

சரி, எத்தனை முறை, எவ்வளவு நேரம்? ஜெர்மனியில் 2020-இல் விவசாய அமைச்சர் இதற்குச் சட்டத்திலேயே எண் போடப் பார்த்தார்: ஒரு நாளைக்கு இரண்டு முறை, மொத்தம் ஒரு மணி நேரம். கிழட்டு நாய்க்கும் இளம் ஷெப்பர்டுக்கும் ஒரே கணக்கா என்று ஊரே சிரித்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த விதியில் அந்த எண் இல்லை. போதுமான அளவு வெளியே விட வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவு: எப்போதும் சங்கிலியில் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு நியாயமான அளவு உடற்பயிற்சி தராமல் விடுவதும் வதைதான். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு டீக்கும் வடைக்கும் ஆகிற காசு என்பதால் யாரும் பயப்படப் போவதில்லை. ஆனாலும் அறுபது வருடத்துக்கு முன்பே இதை யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

பிரிட்டனின் கென்னல் கிளப் என்ற நாய் வளர்ப்போர் அமைப்பு லாப்ரடாருக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்கிறது. அது அந்த ஊர்க் குளிருக்கான கணக்கு. சென்னையில், லட்டு இருக்கும் எடையில், நாளையிலிருந்து இரண்டு மணி நேரம் நடத்தினால் மூட்டும் போகும், மூச்சும் வாங்கும். லட்டுவுக்கு என் சீட்டு இது: நிஜ நடை இரண்டு, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. தொடக்கத்தில் வேளைக்குப் பதினைந்து நிமிடம். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போய், காலை 45, இரவு 30 நிமிடத்தில் நிறுத்துங்கள். நடுவே மத்தியானம் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை உங்கள் கணவரின் ஐந்து நிமிட டூட்டி அப்படியே தொடரட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் பீச்சில் ஓடவிட்டு, மற்ற ஆறு நாளும் பால்கனியில் அடைப்பது வேண்டாம். கால் தேய்ந்து நொண்டிக்கொண்டு திங்கட்கிழமை என்னிடம் வருகிற நாய்கள் அப்படி வருகிறவைதான்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். நடக்கும்போது என்ன செய்ய விடுகிறீர்கள்? நிறையப் பேர் ஒரு கையில் செல்போன், மறு கையில் செயின் என்று விறுவிறுவென்று போகிறார்கள். நாய் ஒரு கம்பத்தருகே நின்றால் “வாடா” என்று ஓர் இழுப்பு. அந்தக் கம்பம்தான் அதற்கு அன்றைய பேப்பர். மனித மூக்கில் வாசனை உணரும் ஏற்பிகள் ஏறக்குறைய ஐம்பது லட்சம் என்பார்கள். நாய்க்கு இருபது கோடிக்கு மேல். ஒருநாள் அவசரமில்லாமல் லட்டு பின்னால் போய்ப் பாருங்கள். நிறுத்தியிருக்கும் ஆட்டோவின் பின் டயரில் மூக்கை வைக்கும். ஒரு முன்னங்கால் பாதி தூக்கியபடி அந்தரத்தில் நிற்கும். மூக்கு ஓரத்துப் பிளவுகள் துடிக்க, புஸ்புஸ்ஸென்று சின்னச் சின்னதாக மூச்சு இழுக்கும். பிறகு ஒரு விரற்கடை தள்ளி, மறுபடி அதே. அந்த ஆட்டோ எந்தெந்தத் தெருவில் நின்றது, அங்கே எந்த நாய் காலைத் தூக்கியது, அது ஆணா பெண்ணா என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்கிறது. இரண்டு நிமிடம் ஆனாலும் இழுக்காதீர்கள். முகர்ந்து முகர்ந்து போகும் இருபது நிமிடம், தரதரவென்று இழுத்துப்போகும் நாற்பது நிமிடத்தைவிட நாயை அதிகமாகக் களைப்பாக்கும் என்பது நான் இத்தனை வருடத்தில் பார்த்தது. செருப்பு கடிப்பதும் லிஃப்டைப் பார்த்துக் குரைப்பதும் பெரும்பாலும் சேட்டையில்லை அம்மா, சலிப்பு. நாள் முழுக்க நடந்த ஒரே செய்தி லிஃப்ட் வந்தது என்றால், அது குரைக்காமல் என்ன செய்யும்? ஒரே பாதையிலும் போகாதீர்கள். இன்று ஏரிப்பக்கம், நாளை மார்க்கெட் தெருவின் பின்பக்கம் என்று மாற்றுங்கள்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். லாப்ரடாரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு பனித்தண்ணீரில் இறங்கிய நாய்கள். அந்த இரட்டை ரோமப் போர்வையோடுதான் லட்டு சித்திரை மாதத்தில் நிற்கிறது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மீதிச் சூடெல்லாம் மூச்சிரைத்துத்தான் வெளியேற வேண்டும். அதனால் காலை நடை ஐந்தரைக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடியட்டும். மாலை ஐந்து மணிக்கு நமக்குக் காற்று இதமாக இருக்கும். தார் ரோடு அப்போதும் தோசைக்கல்தான். புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு வரை எண்ணுங்கள். உங்களால் முடியவில்லையென்றால் அதன் பாதத்தாலும் முடியாது. அதனால்தான் மாலை என்று சொல்லாமல் இரவு என்று எழுதினேன். கோடையில் ஏழரை, எட்டு மணிக்கு மேல் கிளம்புங்கள். நடையில் மூச்சு அடங்காமல் இரைத்து, எச்சில் கெட்டியாக வழிந்து, ஈறு செக்கச்செவேலென்று ஆகி, தள்ளாடினால் அது களைப்பில்லை, வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே நின்றுவிடும்.

43 கிலோவுக்கு வருவோம். ஆண் லாப்ரடார் பொதுவாக 29-இலிருந்து 36 கிலோ. நடையை மட்டும் வைத்து இதைக் குறைக்க முடியாது, தட்டிலும் கை வைக்க வேண்டும். லட்டுவை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது: லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பசி அடங்கியதை மூளைக்குச் சொல்லும் ஒரு மரபணுவில் குறை இருப்பதை 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தார்கள். அந்த நாய்கள் வயிறு நிறைந்த பிறகும் பட்டினி கிடப்பதுபோலவே பார்க்கும். அந்தப் பார்வைக்கு இரங்கி உங்கள் வீட்டில் யாரோ பிஸ்கட் போடுகிறார்கள். யார் என்று நான் கேட்கப்போவதில்லை. சாப்பாடு போட்டவுடன் நடத்தவும் வேண்டாம். நடந்து வந்து அரை மணி நேரம் ஆனபின் தட்டை வையுங்கள்.

மகனைத் தனியாக அனுப்பாதீர்கள். 43 கிலோ நாய் ஒரு பூனையைப் பார்த்துப் பாய்ந்தால், பன்னிரண்டு வயதுப் பையன் செயினோடு ரோட்டில் இழுபடுவான். பெரியவர் ஒருவர் செயினைப் பிடிக்க, அவன் கூட வரட்டும். பழைய பேப்பரை மடித்துக் கழிவை அள்ளும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள், முகம் சுளித்தாலும் பழகிவிடுவான். கழுத்து பெல்ட்டுக்குப் பதில் நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் வாங்குங்கள், இழுத்தாலும் தொண்டை நெரியாது. தெரு நாய்கள் வந்தால் செயினை இறுக்காதீர்கள். உங்கள் பயம் அந்தச் செயின் வழியாகவே லட்டுவுக்குப் போய்விடும். தளர்த்திப் பிடித்து எதிர்ப்பக்கம் கடந்துவிடுங்கள். சண்டை மூண்டால் நடுவில் கையை விடாதீர்கள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றுங்கள். கடி உங்களுக்குப் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போங்கள்.

வீடு திரும்பியதும் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் நாயைச் சாய்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் நின்றால் நடையை விட்டுவிடலாம். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் வரும். அன்றைக்குச் சாப்பாட்டைப் பழைய துண்டில் சுருட்டி ஒளித்துவைத்துத் தேடவிடுங்கள். மூக்குக்கு வேலை கொடுத்தால் பாதி வாக்கிங்.

இதைப் படிக்கும் மற்றவர்கள் லட்டுவின் சீட்டை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கால ஹட்ச் செல்போன் விளம்பரம் பார்த்து நம் ஊரெல்லாம் வாங்கிய பக் நாய்க்கு மூக்கே சப்பை. பத்துப் பதினைந்து நிமிடமாகப் பிரித்து, குளிர்ந்த வேளையில் மட்டும். சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் வேட்டைக்கு ஓடிய சாதி, நடை அவற்றுக்குப் போதாது, வேலி போட்ட இடத்தில் ஓட வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெரு மண்ணில் இறக்கவே வேண்டாம், பார்வோ வைரஸ் காத்திருக்கிறது. தோளில் தூக்கிக்கொண்டு போய்த் தெருவைக் காட்டுங்கள்.

ஒரு மாதம் கழித்து எடையை எழுதி அனுப்புங்கள். லட்டுவைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறுவது உங்கள் கணவரின் இடுப்புக்கு ஆகாது. தெருமுனைப் பழைய பேப்பர் கடையில் தரையோடு தராசு வைத்திருப்பார்கள், கேட்டால் ஏற்றிவிடுவார்கள். நடந்தே போங்கள்.