வாசகர் கேள்வி: சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் தனி வழி

எங்கள் ஊருக்குச் சைக்கிள் பாதை கேட்டு மனு கொடுக்கப் போகிறோம். என்னென்ன எழுதலாம்?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

'கோடு போட்டுத் தாருங்கள்' என்று எழுதினால் கோடுதான் கிடைக்கும். மறுநாளே அதன்மேல் ஆட்டோ நிற்கும். அளவோடு கேளுங்கள். ஒருவழிப் பாதைக்கு 2 மீட்டர் அகலம்; அதற்குக் குறைந்தால் ஒரு சைக்கிள் இன்னொன்றை முந்த முடியாது. இருவழி என்றால் 3 மீட்டர். வண்டி ஓடும் தளத்தைவிட 10 செ.மீ. உயரம், ஓரத்தில் விளிம்புக்கல்.

நுழைவில் நடும் குட்டைத் தூண்களுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆட்டோவின் அகலம் சுமார் 1.3 மீட்டர். 1.2 மீட்டர் இடைவெளி விட்டால் ஆட்டோ நுழையாது, சக்கர நாற்காலி நுழையும். பைக்கையும் தடுக்கிறோம் என்று மேலும் நெருக்கினால் மாட்டிக்கொள்வது சைக்கிள்தான். பைக்குக்குத் தூண் போதாது, போலீஸ்காரர் வேண்டும்.

இடவப்பாதியை, அதாவது தென்மேற்குப் பருவமழையை, மறந்துவிடாதீர்கள். பேவர் பிளாக்கில் பாசி பிடித்தால் வழுக்கும். தாரோ கான்கிரீட்டோ கேளுங்கள். சாக்கடை மூடியின் கம்பிகள் பாதைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். நெடுக இருந்தால் சக்கரம் இறங்கி ஆளைக் கவிழ்த்துவிடும்.

பெரிய ஆபத்து சந்திப்பில்தான். இடப்பக்கம் திரும்பும் லாரி, நேரே போகும் சைக்கிளை வெட்டும். இடப்பக்கம் ஒட்டி வருகிற ஆள் டிரைவர் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே மூலை வளைவைக் குறுக்கச் சொல்லுங்கள், திரும்பும் வேகம் தானாகக் குறையும். குறுக்குத் தெருக்களில் பாதையைத் தாழ்த்தக் கூடாது. வண்டிதான் மேடேறி இறங்கட்டும். பஸ் நிறுத்தத்தில் பாதை நிழற்குடைக்குப் பின்னால் போகட்டும்.

பஸ்ஸுக்கு ஒரு தடத்தை எடுத்துவிட்டால் மற்றவர்கள் எங்கே போவது?
– வாசகர், களியக்காவிளை

வண்டியை விட்டுவிட்டுத் தலையை எண்ணுங்கள். நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 50 பேர் என்றால் மணிக்கு 3,000 பேர். சிக்னல் உள்ள ஊரில் அதே தடத்தில் மணிக்கு 800 கார் போவதே பெரிது. காருக்கு ஒன்றரைப் பேர் வைத்தாலும் 1,200தான். ஆனால் மணிக்கு நாலு பஸ் ஓடும் சாலையில் இதைக் கேட்க வேண்டாம். தடம் காலியாகக் கிடந்தால் சனங்கள் திட்டுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

இருபுறமும் கடை நெருக்கிய சாலையில் பஸ்ஸுக்கென 3.5 மீட்டர் கிடைக்காது. சிக்னலுக்கு முன்னால் 50 முதல் 100 மீட்டர் மட்டும் ஒதுக்கினாலே பஸ் வரிசையைத் தாண்டிவிடும்.

டில்லியில் போட்டுவிட்டுப் பெயர்த்தார்களே?
– வாசகர், சித்தூர்

ஆமாம். அம்பேத்கர் நகர்–மூல்சந்த் 5.8 கி.மீ. தடம் 2008-ல் வந்தது, 2016-ல் பெயர்த்தார்கள். 2009-ல் தொடங்கிய அகமதாபாத் ஜன்மார்க் என்ற தனித்தட பஸ் சேவை இன்னும் ஓடுகிறது. அங்கே டிக்கெட் மேடையிலேயே கிடைக்கிறது, மேடையும் பஸ் தளமும் ஒரே மட்டம், கதவு வலப்பக்கம். டில்லியிலோ சாதாரண பஸ்கள் எல்லாவற்றையும் உள்ளே விட்டார்கள், நிறுத்தத்தையும் சிக்னலை ஒட்டியே வைத்தார்கள். ஒரு பஸ் பழுதாகி நின்றால் பின்னால் வருபவை ஒதுங்க இடமில்லை.