கும்பிடாத பிள்ளையும் ஊர்ப்பிள்ளைதான்

கேள்வி: நான் எங்கள் ஊர்க் கோயில் நிர்வாகசபையில் இருப்பவன். உயர்தரம் படிக்கும் என் மகன், "முள்ளிவாய்க்காலில் அத்தனை சனம் கூப்பிட்டும் வராத கடவுளை ஏன் கும்பிட வேண்டும்?" என்று சபைக் கூட்டத்திலேயே கேட்டுவிட்டான். இனி அவனைத் திருவிழாவுக்குள் விடக்கூடாது என்கிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. இதற்குள் ஊரில் புதிதாக ஒரு கிறிஸ்தவ ஜெபவீடு வேறு. அதை மூடச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறோம். நாங்கள் கும்பிட்டுவந்த குருந்தூர்மலையும் வெடுக்குநாறிமலையும் பௌத்த இடங்கள் என்று சொல்லப்பட்டுக் கைவிட்டுப் போகிற காலத்தில் இவையெல்லாம் இனத்துரோகம் இல்லையா? எங்கள் மனுவை உங்கள் இதழில் வெளியிடுவீர்களா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், முள்ளியவளை

பதில்: துரோகம் என்ற சொல்லை முதலில் கீழே வையுங்கள், ஐயா. வன்னியில் அந்தச் சொல் எத்தனை உயிரைக் கேட்டது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உங்கள் மகன் கேட்டதை 2009 இல் பங்கருக்குள், அந்தப் பதுங்குகுழிகளுக்குள், இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். என் அம்மா வற்றாப்பளை அம்மனையும் மடு மாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டா. பக்கத்துப் பங்கரில் இருந்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாங்கள் வெளியே வந்தோம், அவர்கள் வரவில்லை. "அம்மாள் காப்பாற்றிப் போட்டா" என்று அம்மா சொன்னபோது, பக்கத்துப் பங்கர்ப் பிள்ளைகளை ஏன் விட்டுவிட்டா என்ற கேள்வி என் தொண்டைக்குள் நின்றது. அதற்குப் பிறகு என்னால் கும்பிட முடியவில்லை. அம்மா இன்றைக்கும் விளக்கேற்றுகிறா, எண்ணெய் நான்தான் வாங்கிக் கொடுக்கிறேன். எங்களுக்குள் இதனால் ஒரு சண்டையும் இல்லை. எனக்குக் கோபம் வருவது "முற்பிறப்பு வினை" என்று சொல்லித் தப்பிக்கிறவர்களிடம்தான். கைக்குழந்தை என்ன வினை செய்தது? 1999 நவம்பரில் மடுத் தேவாலயத்தில் தஞ்சமிருந்தவர்கள்மேல் எறிகணை விழுந்து சுமார் 40 பேர் செத்தார்களே, அவர்களுடைய வினை என்ன? உங்கள் சபையிடம் பதில் இருந்தால் பையனுக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால், எங்களுக்கும் தெரியாது தம்பி என்று சொல்லுங்கள். வாசலை மூடுவது எப்படிப் பதிலாகும்?

குருந்தூர்மலை பற்றிய உங்கள் கோபம் என் கோபமும். 2019 செப்டம்பரில் முல்லைத்தீவு நீராவியடிப் பிள்ளையார் கோயிலடியில், நீதிமன்றக் கட்டளையை மீறி ஒரு பிக்குவின் உடலை எரித்தார்கள். 2024 சிவராத்திரியன்று வெடுக்குநாறிமலையில் பூசைக்குப் போன 8 பேரைப் பொலிஸ் கைது செய்தது. அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. அதற்கு எதிரே நாங்கள் தூக்கிக் காட்டுவது சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் விரும்பிய மதத்துக்கும் சுதந்திரம் தரும் 10ஆம் உறுப்புரையை. அந்த ஜெபவீடும் அதே 10இன் நிழலில்தான் நிற்கிறது, உங்கள் மகனும் அங்கேதான் நிற்கிறான்.

மன்னார்க் கரையைப் பாருங்கள். 1544 இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் அங்கே புதிதாகக் கத்தோலிக்கரான சனத்தில் அறுநூறு பேரளவில் கொன்றான். பிறகு வந்த போர்த்துக்கேயர் திருக்கேதீச்சரச் சிவன் கோயிலை இடித்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தார்கள். அவர்களுக்குப் பயந்து மாந்தையிலிருந்து மாதாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிய சனம் கண்ட இடம்தான் மடு. வாள் யார் கையில் இருந்ததோ அவன் மற்றவனுடைய சாமியை உடைத்தான். இவ்வளவும் பட்ட அதே மண்ணில், 2019 சிவராத்திரிக்கு முதல்நாள், திருக்கேதீச்சரக் கோயிலின் வளைவை மாந்தையில் வைத்துக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி விழுத்தினார்கள். பிடுங்கியவர்களும் தமிழர், பார்த்து அழுதவர்களும் தமிழர். அந்தப் படத்தைப் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் வெளியேற்றியபோது, உங்கள் பக்கத்துத் தண்ணீரூற்றிலும் வீடுகள் வெறுமையாகின. அது மதத்தால் நடந்ததல்ல என்பீர்கள். போனவர்களும் இருந்தவர்களும் பேசியது ஒரே தமிழ், ஐயா. யார் போக வேண்டும், யார் இருக்கலாம் என்று பிரித்தது அவர்கள் தொழுத இடம்தான். அன்று கேள்வி கேட்கப் பயந்து சும்மா இருந்த ஊர்களில் என் ஊரும் ஒன்று. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஜெபவீட்டுக்குப் போகிற பெண்களின் வீடுகளுக்கு ஒருநாள் போய்வாருங்கள். கணவனைப் பறிகொடுத்தவள், காணாமற்போன பிள்ளையின் படத்தோடு இருப்பவள், இப்படித்தான் பலர். கும்பம் வைக்கிற இடத்தில் அவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னது யார்? நடுவீட்டில் பாய் விரித்து, பக்கத்தில் இருத்தி, அழ விட்டது யார்? காசு கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்று உங்கள் மனுவில் எழுதியிருக்கிறீர்கள். ஏமாற்று நடந்தால் அதைச் செய்த ஆளைப் பற்றி முறையிடுங்கள், நானே எழுதுகிறேன். ஒரு வீட்டுக்குள் சனம் கூடி ஜெபம் செய்வதை நிறுத்தச் சொல்லும் கையெழுத்தை நாளைக்கு ஒரு பிக்கு உங்கள் கோயிலுக்கு எதிராக அப்படியே நீட்டுவார். அப்போது என்ன சொல்வீர்கள்?

மனுவை வெளியிட மாட்டேன். அதன் பிரதியைத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். மகனை எழுதச் சொல்லுங்கள், இரண்டு பக்கம் வந்தாலும் வெட்டாமல் அடுத்த இதழில் போடுகிறேன். உங்கள் சபை அதற்குப் பதில் எழுதினால், அதையும் பக்கத்திலேயே போடுவேன்.